பிடித்து விடும் கருணை

ஓர் உயிரை வதைத்துப் பின் அதனை உயிரோடு விட்டுவிடுகிறவன், அதைக் கொன்று உண்கிறவனைக் காட்டிலும் இரக்கம் மிக்கவன் ஆவானா? கேட்ட மாத்திரத்தில் 'ஆம்' என்று சொல்லத் தோன்றும் கேள்வி இது. உயிர் போகவில்லை அல்லவா? ஆனால் சற்றே நின்று எண்ணினால் அந்த 'ஆம்' நம் நாவிலேயே தயங்கி நிற்கும். உண்பவனுக்குப் பசி என்னும் காரணம் இருக்கிறது. விட்டுவிடுகிறவனுக்கு என்ன காரணம் இருந்தது? அந்த உயிரைத் தொடாமலே இருந்திருக்கலாமே! இந்த ஐயத்தை எழுப்புவது ஏதோ ஏட்டுத் தத்துவம் அன்று. உலகில் இலட்சக்கணக்கானோர் ஈடுபட்டிருக்கும் ஒரு பொழுதுபோக்கு. அதனை நாம் இங்கே நடுநிலையோடு ஆராய்வோம்.

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், பசிபிக் பெருங்கடலில் விழும் ஆறுகள் பல உள்ளன. வாஷிங்டன், ஆரகன் மாநிலங்களிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் குளிர்காலத்தின் நடுவில் அந்த ஆறுகளில் இடுப்பளவு நீரில் மனிதர்கள் நிற்பதைக் காணலாம். கரையெங்கும் உறைபனி. தூண்டிற் கோலின் வளையங்களில் பனிக்கட்டி படிந்து நூல் ஓட மறுக்கும். அதை விரலால் உடைத்துவிட்டு மீண்டும் வீசுவார்கள். தூண்டிலில் மண்புழு இல்லை. இறகையும் உரோமத்தையும் பட்டு நூலையும் முள்ளின்மீது சுற்றிப் பூச்சி போலச் செய்த ஒரு பொய் ஈயே அதில் இருக்கும். அதை நீரோட்டத்தின் குறுக்கே மெல்ல அலையவிட்டு மீனை மயக்குவதே அவர்களது கலை.

அவர்கள் தேடுவது 'ஸ்டீல்ஹெட்' என்னும் மீன். எஃகுத் தலை என்பது பெயரின் பொருள். வானவில் டிரவுட் என்று வழங்கும் மீனின் கடலோடும் வகையே அது. ஆற்றில் பிறந்து, கடலுக்குச் சென்று, சில ஆண்டுகள் அங்கே வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றையே நாடித் திரும்பிவரும். அப்படித் திரும்பும் வழியில் அது பெரும்பாலும் உண்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பையே எரித்துக்கொண்டு வெள்ளத்தை எதிர்த்து ஏறுகிறது. குளிர்காலத்தில் வருபவை அரிதாகவே தூண்டிலை நாடும். ஆயிரம் முறை வீசினால் ஒரு மீன் என்று அந்நாட்டார் சொல்லிக்கொள்வதுண்டு.

நாட்கணக்கில் குளிரில் நின்ற பின் அந்த ஒரு மீன் சிக்குகிறது. மீனவன் அதைக் களைக்கச் செய்து அருகே இழுக்கிறான். கையை நனைத்துக்கொண்டு, கொக்கிப் பல் இல்லாத முள்ளை வாயினின்று மெல்லக் கழற்றுகிறான். நீரோட்டத்தை நோக்கி அதன் தலையைச் சிறிது நேரம் பிடித்திருக்கிறான். வலிமை திரும்பியதும் மீன் நழுவி மறைகிறது. அவனோ வெறுங்கையோடு, மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறான். இதுதான் பிடித்து விடுதல்.

சுரக்குடியில் மார்கழிக் குளிர் என்பது நெல்வயல் வரப்பில் படியும் பனியளவே. காரைக்கால் வட்டாரத்தில் இருந்துகொண்டு, உறைபனி ஆற்று மீனைப்பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று அன்பர்கள் கேட்கலாம். அந்த மீன் நம்மைவிட்டு அவ்வளவு தொலைவில் இல்லை என்பதே நமது விடை.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், தம் தாயகத்து விளையாட்டை இங்கும் ஆடவேண்டும் என்று விரும்பிய துரைமார்கள் நீலகிரியின் குளிர் ஓடைகளில் டிரவுட் மீனை வளர்க்க முனைந்தார்கள். இந்திய மீன்களைப்பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே 1863-இல் செய்த முயற்சி பலிக்கவில்லை. பின்னர் எச். சி. வில்சன் என்பாரின் உழைப்பால் 1907-இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைந்தது. வானவில் டிரவுட் நீலகிரியில் வேரூன்றியது. காஷ்மீருக்கு 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து டிரவுட் முட்டைகள் வந்தன. இலங்கையின் நுவரெலியா மலைப்பகுதிக்கு அதற்கும் முன்பே, 1880-களில், இம்மீன் வந்துவிட்டது.

அவலாஞ்சியின் நீர் குந்தா ஆறாக இறங்குகிறது, பவானியில் கலக்கிறது, பவானி ஊரருகே காவிரியைச் சேர்கிறது. அணைகளையும் கல்லணையையும் கடந்து, காவிரியிலிருந்து பிரியும் அரசலாறு காரைக்காலில் கடலைத் தொடுகிறது. ஆக, மலைமேல் துரைமார் பொய் ஈ வீசி விளையாடிய நீரும், கீழே நம் உழவர் நாற்றங்காலுக்குப் பாய்ச்சிய நீரும் ஒரே ஆற்றின் நீர்தான். ஒரு முனையில் மீன் என்பது விளையாட்டு. மறு முனையில் மீன் என்பது அன்றைய குழம்பு. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கும் கடமை, ஆற்றின் கடைமடையில் வாழும் நமக்கு இல்லையா?

முதலில், பிடித்து விடுகிறவர்களின் வாதத்தை நேர்மையோடு கேட்போம். எதிரியின் வாதத்தைக் குறைத்துச் சொல்லி வெல்வது வெற்றி ஆகாது.

அவர்கள் கூறுவது இது: "நாங்கள் கொல்வதில்லை. ஆற்றங்கரையில் பொறுமையையும் அடக்கத்தையும் கற்கிறோம். மீனை நேசிப்பதால் ஆற்றையும் நேசிக்கிறோம். நாங்கள் இல்லாவிட்டால் அந்த ஆறுகளுக்காகப் பேச ஆளில்லை." இதில் உண்மை இருக்கிறது. அதற்கு நம் காவிரியே சான்று.

கர்நாடகத்தில் பீமேஸ்வரி, தொட்டமாக்களி, கலிபோரே ஆகிய இடங்களில் காவிரிக் கரையில் மஹசீர் மீனுக்கான தூண்டில் முகாம்கள் பல ஆண்டுகள் நடந்தன. மஹசீர் கெண்டை இனத்தைச் சேர்ந்த பெருமீன். 1946-இல் கபினி ஆற்றில் பிடிபட்ட ஒன்று 120 இராத்தல் இருந்தது. அந்த முகாம்களில் பிடித்த மீனை எடை பார்த்து, குறிப்பேட்டில் எழுதி, மீண்டும் ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது விதி. முன்பு வெடி வைத்தும் திருட்டு வலை வீசியும் மீனைச் சூறையாடியவர்களில் சிலர், அங்கே வழிகாட்டிகளாகக் கூலி பெற்று ஆற்றின் காவலர் ஆனார்கள். காட்டுயிர்ச் சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டையே என்று சட்டத்துக்குப் பொருள் கொள்ளப்பட்டதால், 2012-ஆம் ஆண்டளவில் அம்முகாம்களில் தூண்டில் நின்றது.

பின்னர் ஆராய்ச்சியாளர்கள் கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட குறிப்பேடுகளைப் புரட்டினார்கள். காவிரிக்கே உரிய திமில் மஹசீர் ஆண்டுக்காண்டு குறைந்து வந்ததும், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹசீர் அதன் இடத்தைப் பிடித்ததும் அவற்றால் வெளிப்பட்டன. அறிவியற் பெயரே உறுதியாகாமல் இருந்த அந்தத் திமில் மஹசீர் 'டோர் ரெமாதேவி' என்று 2018-இல் அடையாளம் காணப்பட்டது. அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலிலும் இடம் பெற்றது. விளையாட்டாளர்களின் குறிப்பேடு இல்லையேல் இந்த இழப்புக்குச் சாட்சியே இருந்திராது. இதை மறைப்பது நன்றி மறத்தலாகும்.

ஆயினும் இதே வரலாறு இன்னொன்றையும் கற்பிக்கின்றது. நீலத்துடுப்பு மஹசீரைக் காவிரியில் விட்டவர்கள் தீங்கு செய்யவேண்டும் என்று எண்ணி விடவில்லை. மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் அரும்பாடுபட்டுப் பொரிக்கப்பட்ட குஞ்சுகள் ஆற்றை வளப்படுத்தும் என்று நம்பியே விட்டார்கள். எண்ணம் நன்று, விளைவு வேறாயிற்று. செயல்கள் எண்ணத்தைக்கொண்டே மதிக்கப்படும் என்பது நமக்குப் பாலபாடம். ஆனால் எண்ணம் தூய்மையானது என்பதாலேயே செயலின் விளைவை அறியும் கடமை நீங்கிவிடாது. 'நான் நேசித்தேன்' என்று சொல்வது, நேசிக்கப்பட்டவர் பட்ட துன்பத்துக்கு விடை ஆகாது.

அப்படியாயின், மீன் துன்பப்படுகிறதா?

நெடுங்காலமாக, மீனுக்கு வலி இல்லை என்றே பலரும் சொல்லி வந்தார்கள். 2003-இல் ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில் லின் ஸ்னெடன் என்னும் அம்மையாரும் அவருடைய துணைவர்களும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சோதனைக்கு எடுத்துக்கொண்டது நாம் பேசும் அதே வானவில் டிரவுட். அதன் முகத்திலும் தலையிலும் காயத்தையும் சூட்டையும் உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் கண்டார்கள். உதட்டில் தேனீ நஞ்சோ காடிப் புளிமமோ செலுத்தப்பட்ட மீன்கள் இரு பக்கமும் அசைந்தாடின. காடிப் புளிமம் பெற்றவை உதட்டைக் கூழாங்கற்களில் தேய்த்தன. ஏறக்குறைய 3 மணி நேரம் இரையைத் தொடவில்லை. மூளையின் மேற்புறணி மீனுக்கு இல்லாததால் நாம் உணர்வது போன்ற வலி அதற்கு இருக்க இயலாது என்று மறுக்கும் அறிஞர்களும் உண்டு. ஜேம்ஸ் ரோஸ் அவர்களுள் ஒருவர். வாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

ஆனால் அறத்தின் வழி வேறு. ஒரு புதரில் அசைவது மானா மனிதனா என்று தெரியாத வேடன் என்ன செய்ய வேண்டும்? தெரியும்வரை அம்பை நிறுத்த வேண்டும். ஐயத்தின் பயனைத் தன் இன்பத்துக்கு அளித்துக்கொள்வது நீதியன்று. துன்புறக்கூடிய உயிருக்கே அதை அளிக்க வேண்டும். பசித்தவனுக்கு இந்த ஐயத்தில் ஒரு சலுகை உண்டு. விளையாடுகிறவனுக்கு இல்லை.

விடப்பட்ட மீன் பிழைக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கனடாவில் 1992-இல் வெளியான ஓர் ஆய்வு உள்ளது. களைத்துப்போகும்வரை ஓடவிடப்பட்டு, நீரைவிட்டு வெளியே எடுக்கப்படாத வானவில் டிரவுட் மீன்களில் நூற்றுக்கு 88 பிழைத்தன. அவ்வாறே களைத்த பின் 30 நொடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 62 பிழைத்தன. 60 நொடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் பிழைத்தவை 28 மட்டுமே. ஒரு நிழற்படம் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் மீனின் ஆயுள் முடிவாகிவிடுகிறது! குளிர்ந்த நீரில் உயிர்வளி மிகுதி. ஆகவே குளிர்காலத்தில் கவனத்தோடு விடப்பட்ட மீன்களில் பெரும்பாலானவை தேறிவிடும் என்பது மெய்தான். ஆனால் உறைபனிக் காற்றில் மீனை வெளியே தூக்கினால் அதன் செவுள் உறைந்து புண்படும் என்பதும் மெய்யே.

சட்டங்களும் இதில் ஒத்துப்போகவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் காட்டு ஸ்டீல்ஹெட்டைப் பிடித்தால் விட்டுவிடுவது கட்டாயம். சுவிட்சர்லாந்திலோ, விடுவதற்கென்றே மீன் பிடிப்பதை 2008-ஆம் ஆண்டின் விலங்குக் காப்பு ஆணை தடுக்கிறது. உண்பதானால் பிடி, இன்றேல் தொந்தரவு செய்யாதே என்பது அதன் சாரம். ஒரு நாட்டில் கடமையாக இருப்பது மற்றொரு நாட்டில் குற்றமாக இருக்கிறது. இரண்டுமே மீனின் நலம் கருதி எழுந்தவை!

இந்த முரண்பாட்டைத் தீர்க்க நமது மார்க்க மரபு ஒரு வெளிச்சம் தருகிறது. திருமறை, இஹ்ராம் நிலையில் தரை வேட்டையைத் தடுக்கும்போதும் நீர் வேட்டையை அனுமதிக்கிறது. ஆனால் அந்த அனுமதி உணவு என்னும் பயனோடு இணைத்தே சொல்லப்படுகிறது. உயிருள்ள எதனையும் குறி பார்க்கும் இலக்காக்கி விளையாடுவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பயன் ஏதுமின்றி வீணே கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமை நாளில் தன்னைக் கொன்றவன்மீது முறையிடும் என்னும் கருத்துடைய நபிமொழி நஸயீ தொகுப்பில் காணப்படுகிறது. அறுக்கும்போது கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணியின் துன்பத்தைக் குறைக்க வேண்டும் என்பதும் அண்ணலாரின் போதனை. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், உயிரை எடுக்கும் உரிமை மனிதனுக்குத் தேவையின் பேரில் வழங்கப்பட்ட அமானிதமேயன்றி, வேடிக்கைக்கு வழங்கப்பட்ட உடைமை அன்று என்பது விளங்கும்.

ஆகவே, உயிரோடு நாம் கொள்ளும் எந்தத் தொடர்பிலும் மூன்று கேள்விகள் எழ வேண்டும். தேவை இருக்கிறதா? துன்பம் இயன்றவரை குறைக்கப்பட்டதா? வரம்பு காக்கப்பட்டதா? பிடித்து விடுகிறவன் மூன்றாவது கேள்விக்கு நன்றாக விடை சொல்கிறான். அவன் இனத்தை அழிப்பதில்லை. இரண்டாவதற்கும், கொக்கிப் பல் இல்லாத முள்ளும் நனைந்த கையுமாக ஓரளவு விடை தருகிறான். முதற் கேள்வியில்தான் அவன் வாயடைத்துப் போகிறான்.

'எனக்கு வேண்டியது மீன் அன்று. ஆறும் அமைதியும் கலையுமே' என்று அவன் சொல்லக்கூடும். அதற்கு அவனுடைய கூட்டத்திலேயே பதில் இருக்கிறது. அமெரிக்காவில் சில தூண்டிற்காரர்கள் முள்ளின் முனையையே நறுக்கி எறிந்துவிட்டுப் பொய் ஈயை வீசுகிறார்கள். மீன் எழுந்து வருவதையும் ஈயைத் தொட்டு விலகுவதையும் கண்டு மகிழ்ந்து திரும்புகிறார்கள். அதே குளிர், அதே பொறுமை, அதே ஆறு, அதே கலை. காயம் மட்டும் இல்லை. இன்பம் ஆற்றில்தான் இருக்கிறது என்றால் முனை மழுங்கிய முள்ளே போதும். போதாது என்று மனம் அடம்பிடித்தால், அந்த இன்பம் ஆற்றிலன்று, மற்றோர் உயிரின் துடிப்பில்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டிவரும். நெஞ்சைச் சோதித்துக்கொள்ள இதைவிட நேரிய உரைகல் வேறில்லை.

இப்படிச் சொல்வதால் விட்டுவிடுதலே பொய் என்று நாம் தள்ளவில்லை. அதே ஆறுகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. பொரிப்பகத்தில் வளர்த்து விடப்படும் ஸ்டீல்ஹெட் குஞ்சுகளுக்கு முதுகின் பின்புறத்துச் சிறு கொழுப்புத் துடுப்பைக் கத்தரித்து அடையாளம் இடுகிறார்கள். அனுமதி உள்ள ஆறுகளில், துடுப்பு இல்லாத மீனை வீட்டுக்கு எடுத்துச் சென்று உண்ணலாம். துடுப்பு உள்ள காட்டு மீனை விட்டுவிட வேண்டும். இங்கே விடுதலுக்குப் பொருள் இருக்கிறது. உணவு தேடிப் போனவன், தனக்கு உரியதல்லாததைத் தொட்டுவிட்டதால் திருப்பித் தருகிறான். அது நேர்மை. நீலகிரி ஓடையில் துரைமார் கொண்டுவந்த டிரவுட்டைப் பிடித்து விடுவதில் அந்தப் பொருளும் இல்லை. அங்கே அது விருந்தாளி இனம். அதைக் காப்பது ஆற்றைக் காப்பதாகாது. பிடித்தால் உண்பதே அங்கே தகும். ஒரே செயல் ஓரிடத்தில் அறமாகவும் மற்றோரிடத்தில் வெறும் சடங்காகவும் ஆவதை இதனால் உணரலாம்.

இனி, பார்வையைப் பனியாற்றிலிருந்து நம் பக்கம் திருப்புவோம். தொலைதேசத்தாரின் பிழையை எடை போடுவது எளிது. அதே எடைக்கல்லை நம் வீட்டுத் திண்ணையில் வைப்பது கடினம். நமக்குத் தேவை இருக்கிறது. ஆகவே முதற் கேள்வியில் தேறிவிடுகிறோம். இரண்டாவதில்? சந்தையில் உயிரோடு வாங்கிய விரால், சாம்பலிட்டுக் கல்லில் தேய்க்கப்படும்போதும் துடித்துக்கொண்டிருப்பதை நாம் காண்பதில்லையா? மீனுக்கு அறுப்பு விதிக்கப்படவில்லை என்பது நமக்குத் தரப்பட்ட இலேசு. அதனை வதைக்கலாம் என்னும் அனுமதி அன்று. தலையில் ஒரே அடி, ஒரு நொடி வேலை. ஆட்டுக்குக் கத்தியைத் தீட்டும் குடும்பம், மீனுக்கு அந்த ஒரு நொடியை மறுப்பானேன்? வலிமா விருந்துகளில் உண்ணப்படாமல் குழிக்குப் போகும் இறைச்சியும் மீனும் எந்தத் தேவைக்காக உயிர் விட்டன? பனியாற்று மனிதன் மீனையாவது திருப்பி விட்டான். குப்பைக் குழிக்குப் போனதை எவர் திருப்பி விடுவார்?

மூன்றாவது கேள்விக்கு நம் கடற்கரையில் ஓர் அரிய விடை உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், காரைக்காலின் விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன. மீன் இனம் பெருகட்டும் என்பதற்காக விதிக்கப்பட்ட தடை அது. கொடுக்கப்படும் உதவித்தொகை வருவாய்க்கு ஈடாவதில்லை; வலை பழுது பார்த்தும் கடன் வாங்கியும் குடும்பங்கள் அந்நாட்களைக் கடத்துகின்றன. பிடித்த மீனை விடுவதை உலகம் படம் எடுத்துப் போற்றுகிறது. பிடிக்காமலே விட்டுவைத்த மீனை எவரும் படம் எடுப்பதில்லை. ஆனால் தராசு நீதியாக நிற்குமானால், தன் அடுப்பின் நெருப்பைக் குறைத்துக்கொண்டு கடலுக்கு ஓய்வு கொடுத்த அந்த மீனவனின் தட்டே தாழும் என்பது நமது துணிபு.

எனவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கூறுவோம். விட்டுவிடுதல் நன்று, ஆனால் அது, தேவையின்றிப் பிடித்த குற்றத்தைக் கழுவும் நீர் அன்று. தேவைக்குப் பிடித்து, துன்பம் குறைத்து, வரம்பறிந்து நிறுத்தி, எஞ்சியதை வீணாக்காதவன், உண்டபோதிலும் இரக்கமுடையவனே. நம் இல்லங்களில் பிள்ளைகள் வாய்க்காலில் தூண்டில் போடப் புறப்படும்போது, 'எத்தனை பிடித்தாய்?' என்று கேட்பதே வழக்கம். 'எதற்காகப் பிடித்தாய்?' என்றும் இனிக் கேட்டுப் பழகுவோமாக. வாயில்லா உயிர்கள் நம்மீது முறையிடாத நாளை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!